பாலமுனைச் சோஸில் சுவை உப்பைப் போட்டது யார்?

பிள்ளைகளே,

கோபம் ஆறிய பிறகு இதை எழுதலாம் என்று காத்திருந்தேன். ஓய்வுபெற்றுச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆறவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

நீங்கள் உணவுப் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். கருவியை எப்படி இயக்குவது, மாதிரியை எப்படித் தயார் செய்வது என்பதையெல்லாம் சொல்லித்தர அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. நீங்கள் ஏசி அறைக்குள் இருந்து தட்டச்சு செய்கிற ஒரு சொல், கடற்கரையில் ஒரு வீட்டு அடுப்பை அணைத்துவிடும். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

பாலமுனை நஸீர் கொரியாவுக்கு வேலைக்குப் போனவர். அங்கே அவருக்குக் கிடைத்தது சோயா சோஸ் தொழிற்சாலையில் வேலை. திரும்பி வந்த மற்றவர்கள் வீடு கட்டினார்கள், வான் வாங்கினார்கள். இவர் மூடி போட்ட பெரிய நீல நிறப் பீப்பாய்கள் வாங்கினார். சோயாவை அவித்து, வறுத்து உடைத்த கோதுமையோடு கலந்து, அதில் பூஞ்சணம் வளரவிடுவார். மஞ்சளும் பச்சையுமாகப் பூஞ்சணம் படர்ந்ததும் உப்புத் தண்ணீரில் கொட்டிப் பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறவைப்பார். "பூஞ்சணம் புடிச்ச பயற உப்புல போட்டுட்டுக் காவல் இரிக்கிற மனுசன எங்கயாச்சும் கண்டிருக்கீங்களா?" என்று அவர் மனைவி ஸஹீனா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாராம்.

முதல் பீப்பாயைப் பிழிந்து வடித்தபோது அந்தச் சிரிப்பு நின்றுபோனது. அக்கரைப்பற்றுச் சந்தியில் கொத்துரொட்டி போடும் ஹோட்டல்காரர் ஒருவர் ஒரு கரண்டி வாங்கி நாக்கில் விட்டுப் பார்த்துவிட்டு, அதுவரை பாவித்து வந்த பெரிய நிறுவனத்தின் சோஸை நிறுத்திவிட்டார். அவரைப் பார்த்துக் கல்முனையிலும் சில கடைகள் மாறின. நஸீர் போத்தலுக்கு லேபல் அடித்தார்: சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர். சுவையூட்டி சேர்க்கப்படவில்லை.

அந்தக் கடைசி இரண்டு சொற்கள்தான் வினையாகிப் போயின.

சுவையூட்டி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். சுவை உப்பு என்று கடைகளில் கேட்டு வாங்குகிற வெள்ளைத் தூள். சோடியம் குளுட்டமேற்று. இறைச்சி ஆணத்திலும், மாசிச் சம்பலிலும், நன்றாகப் பழுத்த தக்காளியிலும் நாக்கைப் பிடித்து நிறுத்துகிற சுவை ஒன்று இருக்கிறதே, இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு நான்கிலும் சேராத சுவை, அதைத் தருகிற பொருள்களில் முதன்மையானது குளுட்டமேற்று. நஸீர் அந்தத் தூளைப் போடவில்லை. ஆனால் அவருடைய சோஸில் குளுட்டமேற்று இருந்தது. நிறையவே இருந்தது.

இதில் மர்மம் எதுவும் இல்லை. சோயாவில் புரதம் அதிகம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. குளுட்டாமிக் அமிலம் அந்தச் சங்கிலிக்குள் கோர்வையாக இருக்கும்வரை நாக்கு அதை அறியாது. அவித்த சோயாவைத் தின்று பாருங்கள், சப்பென்று இருக்கும். பூஞ்சணத்தின் நொதியங்கள் அந்தச் சங்கிலியை மாதக்கணக்கில் துண்டு துண்டாக வெட்டுகின்றன. வெட்டுப்பட்டு விடுதலையாகும்போதுதான் நாக்குக்கு அது பிடிபடுகிறது. அதன் பக்கத்துச் சொந்தமான குளுட்டமினையும் இன்னொரு நொதியம் குளுட்டமேற்றாக மாற்றிவிடுகிறது. நல்ல சோயா சோஸ் என்றாலே குளுட்டமேற்று உள்ள சோஸ்தான். அது இல்லையென்றால் பீப்பாயில் ஏதோ பிழைத்துவிட்டது என்று அர்த்தம்.

சந்தையை இழந்த பெரிய நிறுவனத்தின் விநியோகஸ்தர் நஸீரின் போத்தல் ஒன்றை எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். குளுட்டமேற்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தார். அவர் எங்களுடைய பெரிய வாடிக்கையாளர். கடிதத்தாளில் இரசாயனவியலாளர் என்று பெயர் போட்டிருந்த நான் அப்போது மகளின் பிரசவத்துக்காகக் கண்டியில் நின்றேன். கருவியில் வேலை செய்த பிள்ளை சரியாகத்தான் அளந்தாள். அவளில் ஒரு பிழையும் இல்லை. அவள் கொடுத்த அளவின் கீழே எங்கள் முகாமையாளர் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: "மாதிரியில் சுவையூட்டி சேர்க்கப்பட்டுள்ளது. லேபல் உண்மைக்குப் புறம்பானது."

முகாமையாளர் வணிகம் படித்தவர், இரசாயனம் படித்தவர் அல்ல. அது குற்றமில்லை. தெரியாத ஒன்றை யாரிடமும் கேட்காமல் முத்திரை குத்தி அனுப்பினாரே, அதைத்தான் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நான் திரும்பி வருவதற்குள் அந்த அறிக்கையைப் படமெடுத்து யாரோ காணொளி ஒன்று செய்துவிட்டார்கள். பின்னணியில் சோக இசை. நஸீரின் போத்தலைச் சுற்றிச் சிவப்பு வட்டம். "உங்கள் பிள்ளைகளுக்கு நஞ்சு ஊட்டுகிறார்கள்" என்று ஒரு குரல். சாய்ந்தமருதிலிருந்து அக்கரைப்பற்றுவரை எல்லார் கையிலும் அது ஓடியது. கடைகள் போத்தல்களைத் திருப்பி அனுப்பின. முதலில் அனுப்பியவர், முதலில் வாங்கிய அதே கொத்துக்கடைக்காரர். நஸீருக்கு ஒரு அழைப்புக்கூட எடுக்கவில்லை. ஓட்டோவில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கச் சொல்லிவிட்டார்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று காலையிலேயே நஸீர் வந்தார். வரவேற்பறையில் உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. அக்கா முறை வைத்து என்னை ராத்தா என்றுதான் கூப்பிட்டார்.

"ராத்தா, நான் சண்டைக்கு வரல்ல. எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்க. நான் போடாத சாமான் என்ட சோஸுக்குள்ள எப்பிடி வந்திச்சி?"

"நீங்க போடல்லயா?"

"அந்தத் தூள் எங்கட ஊட்டு வாசல்படி கூட ஏறினதில்ல. ஆனா மெசினு பொய் சொல்லாதெண்டு எல்லாரும் சொல்றாங்க. அப்ப நான்தான் பொய் சொல்றனா?"

அவரை இருக்கச் சொல்லிவிட்டு அறிக்கையின் பிரதியை எடுத்துப் பார்த்தேன். 'சேர்க்கப்பட்டுள்ளது' என்ற சொல்லைக் கண்டதும் எனக்குக் காது சூடேறியது.

எனக்கு வேலை பழக்கிய தலைமை இரசாயனவியலாளர் ஒருவர் இருந்தார். பெயர் சொல்வதை விரும்பாத மனிதர், ஆகையால் சொல்லவில்லை. ஒருமுறை மீன் வியாபாரி ஒருவரின் மீனில், போர்மலின் மருந்தில் உள்ள சேர்மம் இருப்பதாகக் கண்டோம். போட்டிக்காரர்கள் வெளியே நின்றார்கள், "மருந்தடித்த மீன்" என்று எழுதித் தரச்சொல்லி. அவர் மாட்டேன் என்றார். சில கடல்மீன்களில் பிடித்து வைத்த பிறகு அந்தச் சேர்மம் தானாகவே கொஞ்சம் ஊறும். அளவு அந்த எல்லைக்குள் இருந்தது. "இருக்குது எண்டது நாம கண்டது. ஆள் போட்டது எண்டது நாம காணாதது. காணாததுக்கு நான் ஒப்பம் வைக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். வெளியே நின்றவர்கள் அவரைக் கைக்கூலி வாங்கினவர் என்று பேசினார்கள். அவர் அதைத் துடைத்துப்போட்ட விதத்தையும் பார்த்தேன். அன்றைக்கு அது எவ்வளவு கனமான வேலை என்று எனக்குத் தெரியவில்லை.

முகாமையாளரின் அறைக்குப் போனேன்.

"மிஸ், அதில குளுட்டமேற்று இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்ப என்ன பிரச்சின?"

"இருக்குது எண்டு எழுதியிருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல. சேர்த்திருக்கார் எண்டு எழுதியிருக்கீங்க. அவர் சேர்க்கிறத நீங்க கண்டீங்களா?"

"ஒரு சொல்லுக்கு இவ்வளவு கதைக்கிறீங்க."

"அந்த ஒரு சொல்லாலதான் அந்த மனுசன்ட போத்தல் எல்லாம் திரும்பி வந்து வாசல்ல கிடக்கு."

அவர் கதிரையில் சாய்ந்துகொண்டார். "அறிக்கைய மாத்தினா நம்மட பேர்தான் கெடும். போத்தல அனுப்பின ஆளும் சும்மா விட மாட்டார். கொஞ்ச நாள்ல ஊர் மறந்திடும், மிஸ்."

ஊர் மறக்கும். ஊர் மறந்தால் நஸீருக்கு என்ன? அவர் பீப்பாய்களைத்தானே ஊர் மறக்கப்போகிறது.

இதற்கிடையில் அரசாங்க உணவுப் பரிசோதகர் ஒருவர் நஸீர்மீது பொய் லேபலுக்காக வழக்குப் போட ஆயத்தமானார். கெட்ட மனிதர் அல்ல. வழக்கைத் தவிர்க்கத் தன்னால் முடிந்த ஒரு வழியையும் கொண்டுவந்தார். அவர் நஸீரின் முற்றத்தில் அதைச் சொன்னபோது நானும் அங்கே நின்றேன்.

"லேபல மாத்துங்க. குளுட்டமேற்று சேர்க்கப்பட்டது எண்டு சின்ன எழுத்தில போடுங்க. அது ஒண்டும் தடை செய்த சாமான் இல்லயே. நான் பைல மூடிருவன்."

ஸஹீனா கதவு நிலையில் நின்றார். "போட்டுட்டுப் போவமே" என்றார் கணவரைப் பார்த்து. "ஆரு அந்தச் சின்ன எழுத்த வாசிக்கப் போறாங்க? புள்ளைகள்ற முகத்தப் பாருங்க."

நஸீர் ஒரு பீப்பாயின் மூடியை இறுக்கிவிட்டுச் சொன்னார்.

"ஊரு என்னப் பொய்யன் எண்டு சொன்னா அது ஊருட வாய். நானே எழுதி ஒட்டினா அது என்ட வாய். ஏலா, சேர். வழக்குப் போடுங்க."

ஸஹீனா உள்ளே போய்விட்டார். பாத்திரம் ஒன்று சத்தமாக வைக்கப்படுவது கேட்டது. அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் சோறு போட முடியாத நிலைக்கு அந்தப் பெண்ணைத் தள்ளியது எங்கள் பரிசோதனைக்கூடம். சம்பளம் வாங்கிக்கொண்டு நாங்கள் செய்த வேலை அது.

நான் பரிசோதகரிடம் திரும்பினேன். "சேர், ஒரு வேலை செய்யுங்க. சோயாவும் கோதுமையும் உப்பும் நீங்களே வாங்கிட்டு வாங்க. உங்கட கண்ணுக்கு முன்னால ஒரு பீப்பாய் போடட்டும். மூடி உங்கட சீல் வையுங்க. தொறக்கிறதும் கிளறுறதும் உங்கட முன்னால மட்டும். முதல் நாளும் எடுத்துப் பார்ப்பம், முடிவிலயும் எடுத்துப் பார்ப்பம்."

"அதுக்கு மாசக்கணக்கா போகுமே?"

"போகும். பொய்ய ஒரு பின்னேரத்தில எழுதிரலாம். இதுக்குக் காத்திருக்கத்தான் வேணும்."

முகம் சுளித்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். நாவிதன்வெளிப் பக்கம் மேட்டுக்காணியில் சோயா போட்டிருந்த ஒருவரிடம் அவரே போய் வாங்கி வந்தார். பீப்பாய் நிரப்பிய அன்று நான் எடுத்த மாதிரியில் விடுதலையான குளுட்டமேற்று கொஞ்சம்தான் இருந்தது.

பிறகு காத்திருப்பு. நஸீர் அறுவடைக் காலத்தில் பிறர் வயலில் உழவு இயந்திரம் ஓட்டினார். வயலில் சிலர் "சோஸ் முதலாளி" என்று கூப்பிட்டுச் சிரித்தார்களாம். பரிசோதகர் தன் சுற்றுப் பயணங்களில் பாலமுனைக்கு வந்து சீலை உடைத்து, கிளறுவதைப் பார்த்து, மீண்டும் சீல் வைத்துப் போவார். ஆரம்பத்தில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற மனிதர், பிறகு கைக்குட்டையை எடுக்காமல் நின்றார். பிறகு கிளறும் கட்டையைத் தன் கையிலேயே வாங்கிக்கொண்டார். "இது இப்ப வேற மாதிரி மணக்குது என்ன?" என்று கேட்டார் ஒரு நாள். நஸீர் பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார் என்று ஸஹீனா எனக்குச் சொன்னார்.

கடைசி மாதிரியை நான் கருவியில் ஏற்றப் போனபோது முகாமையாளர் குறுக்கே வந்தார். "இது ஆர் கேட்ட பரிசோதன?" என்றார். "வேண்டாம் எண்டா, செய்ய வேண்டாம் எண்டு எழுத்தில தாங்க" என்றேன். தரவில்லை. ஏற்றினேன்.

குளுட்டமேற்று ஏறியிருந்தது. அது மட்டும் ஏறவில்லை என்பதுதான் முக்கியம். லியூசின், அலனின், அஸ்பார்ட்டிக் அமிலம் என்று சோயாப் புரதத்துக்குள் இருந்த அத்தனை சொந்தமும் அதனதன் பங்குக்கு ஏறியிருந்தன. வெளியே இருந்து தூள் போட்டால் குளுட்டமேற்று மட்டும் தனியாகத் தென்னைமரம் மாதிரி உயர்ந்து நிற்கும், மற்றவை நிலத்தோடு கிடக்கும். விநியோகஸ்தர் அனுப்பிய பழைய போத்தலின் மிச்சத்தையும் அதே முறையில் பார்த்தேன். அதே குடும்பம், ஏறத்தாழ அதே பங்கு. இந்த ஒப்பீட்டை அன்றே செய்திருக்கலாம். இன்னும் கொஞ்ச நேரம் கருவியை ஓடவிட்டிருந்தால் போதும்.

கோபத்தில் இன்னொன்றும் செய்தேன். அந்தப் பெரிய நிறுவனத்தின் போத்தலைக் கடையில் வாங்கிவந்து பரிசோதித்தேன். "நொதிக்கவைத்துத் தயாரித்தது" என்று அதன் லேபலில் இருந்தது. உள்ளே லெவுலினிக் அமிலம் தாராளமாக இருந்தது. சோயாவை அமிலத்தில் கொதிக்கவைத்துப் புரதத்தை அவசரமாக உடைக்கும்போது, கூடவே உள்ள மாச்சத்திலிருந்து உருவாகும் பொருள் அது. பூஞ்சணம் ஊறவைத்த சோஸில் அது இருக்காது என்றே சொல்லலாம். அமிலத்தில் செய்வது குற்றமில்லை. மாதக்கணக்கில் காத்திருந்ததாகப் பொய் சொல்லி விற்பது குற்றம்.

பரிசோதகரின் அலுவலகத்தில் விசாரணை நடந்தது. விநியோகஸ்தர் வந்திருந்தார். என் விளக்கத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மிஸ், தானா வந்தா என்ன, போட்டா என்ன? ரெண்டும் ஒரே சாமான்தானே?"

"ஓம். ஒரே மூலக்கூறுதான். நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. தாய்ப்பாலிலயும் அதுதான் இருக்கு, நஞ்சும் இல்ல. அப்ப நஞ்சு எண்டு வீடியோ போட்டது ஏன்? உங்கட போத்தலிலயும் அது இருக்கே. அதுக்கு ஏன் சிவப்பு வட்டம் போடல்ல?"

"வீடியோ போட்டது நாங்க இல்ல."

"அறிக்கை உங்கட கையிலதான் இருந்திச்சி."

பரிசோதகர் குறுக்கிட்டார். "அந்தப் பீப்பாய மூடினதும் நான், தொறந்ததும் நான்" என்றார் விநியோகஸ்தரிடம். "அதுக்குள்ள ஒருத்தரும் ஒண்டும் போடல்ல. வேணுமெண்டா என்னைப் பொய்யன் எண்டு சொல்லுங்க."

நஸீர்மீதான முறைப்பாடு தள்ளுபடியானது. அதைத் தெரிவித்த கடிதத்தில் மன்னிப்பு என்ற சொல் எங்கும் இல்லை. லெவுலினிக் அமிலம் பற்றி நான் கொடுத்த முடிவு "ஆராயப்படுகிறது" என்றார்கள். இன்றும் ஆராயப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. காணொளியை யாரும் நீக்கவில்லை. முந்திய அறிக்கை பிழை என்று ஒரு திருத்தம் வெளியிடும்படி முகாமையாளரைக் கேட்டேன். "முடிஞ்ச கதைய ஏன் கிளறுறீங்க?" என்றார். அதனால் திருத்தத்தை நானே என் பெயரில் எழுதி, ஒப்பமிட்டு, சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் அனுப்பினேன். ஓய்வு வயதைத் தாண்டியும் ஒப்பந்தத்தில் வைத்திருந்த என்னை அதன் பிறகு வைத்திருக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. முகாமையாளரின் அந்த வரிக்கு மேலே என் பெயர் இருந்த கடிதத்தாளைத் தொடர்ந்து பாவிக்க எனக்கும் மனமில்லாமல் போயிருந்தது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு பொருள் இருக்கிறது என்று அளந்துவிட்டால் உங்கள் வேலையில் பாதிதான் முடிந்தது. அது அங்கே எப்படி வந்திருக்கலாம் என்று உங்களுக்கே கேளுங்கள். விடை தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுங்கள். உங்களை அவசரப்படுத்துகிறவர் யார், அவருக்கு இதில் என்ன லாபம் என்று பாருங்கள். அதைப் பார்ப்பது இரசாயனத்துக்குள் சேராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். "கண்டறியப்பட்டது" என்று எழுதவேண்டிய இடத்தில் "சேர்க்கப்பட்டது" என்று எழுதச் சொல்கிறவர் முகாமையாளராக இருந்தாலும், உங்களைப் பெற்ற வாப்பாவாக இருந்தாலும், பேனையை மூடி வையுங்கள்.

நஸீர் இன்றும் சோஸ் செய்கிறார். முன்னைப்போல் இல்லை. பாதிப் பீப்பாய்கள் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டன. கல்முனைக் கடைகள் சில திரும்ப எடுக்கின்றன. பரிசோதகர் தன் வீட்டுக்கென்று வாங்கிப் போகிறார். அந்தச் சீல் வைத்த பீப்பாயின் சோஸ்தான் எல்லாவற்றிலும் திறம் என்று அவர் எல்லாரிடமும் சொல்லித்திரிவதாகவும் கேள்வி.

போன நோன்புப் பெருநாளுக்கு முன் நான் பாலமுனைக்குப் போயிருந்தேன். அக்கரைப்பற்றுக் கொத்துக்கடைக்காரர் ஆள் அனுப்பியிருக்கிறார், பழையபடி சோஸ் வேண்டுமாம், ஆட்கள் சுவை குறைந்துவிட்டது என்று குறைப்படுகிறார்களாம். பெரிய கடை. ஸஹீனா இந்தமுறை கணவரின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்லி அனுப்பினீங்க?" என்று கேட்டேன்.

"இல்லெண்டு சொல்லல்ல, ராத்தா. எனக்கு ஒண்டும் பெருசா வேணாம். ஓட்டோவில ஏத்தி வாசல்ல இறக்கினது பிழை எண்டு ஒரு வார்த்த, போன்ல சொன்னாலும் போதும். அடுத்த நாளே அனுப்புவன் எண்டு சொல்லி விட்டன்."

நேற்றும் விசாரித்தேன். அழைப்பு இன்னும் வரவில்லை.